வல்லம் மேட்டில் டாப் கியர்

ஐப்பசி 8, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கொளவாய் ஏரிப் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது. முழங்கால் வலி. கஞ்சி மட்டும்.

வசந்தா வந்தது. முதலாளியின் மகள். ஐம்பதைத் தொடப்போகிற வயது, எனக்கு இன்னும் பாப்பாதான். படூரில் ஆறாவது மாடியில் வீடு, கம்பெனியில் கணக்கு உத்தியோகம். புருஷன் தவறிவிட்டார். வாடகைக் காரோடு வந்தது, முதலாளியைக் கூட்டிப்போக. ரைஸ் மில் எப்போதோ போயிற்று. இப்போது வீட்டையும் விற்று முடித்தாகிவிட்டது. கார்த்திகை பிறக்கும் முன்னே காலி செய்து சாவி கொடுக்க வேண்டும்.

முதலாளி ஏறவில்லை. கார்க் கதவைத் திறந்ததுமே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விரலைப் பிரிக்கப் போன அந்த டிரைவரின் கையைக் கடித்துவிட்டார். "என் வண்டி எங்கடா?" இதே கேள்விதான், திரும்பத் திரும்ப.

ஞாபகம் போய் வருஷக்கணக்கு ஆகிறது அவருக்கு. மகளைப் பார்த்து யாரம்மா நீ என்கிறார். சாப்பிட்டு இலை எடுத்த பிறகு சோறு எங்கே என்கிறார். என் பேர் மட்டும் நிற்கிறது. எப்படி என்று தெரியவில்லை. அத்தனை வருஷம் பின் சீட்டில் உட்கார்ந்து என் பின்மண்டையையே பார்த்துக்கொண்டு வந்ததாலோ என்னவோ.

பாப்பா கேட்டது: "டிரைவரண்ணா, ஷெட்ல நிக்கிற வண்டி ஓடுமா?"

ஓட வைக்கலாம் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எதற்கு ஓட வைக்கிறோம் என்று உறைத்தது.

ஐப்பசி 9, திங்கள்

மழை இல்லை. புழுக்கம்.

ஷெட்டைத் திறந்தோம். நானும் பாஷாவும். பாஷா பஸ் ஸ்டாண்டு பின்னால் மெக்கானிக் கடை வைத்திருப்பவன். அவன் அப்பாவிடம்தான் முன்னெல்லாம் வண்டியை விடுவேன்.

இம்பாலா. வெளிர் பச்சை. மெட்ராஸில் ஊருக்குத் திரும்பின ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. கருங்கல் மேல் அச்சை ஏற்றி நிறுத்தியிருந்தேன், அப்படியே இருக்கிறது. உள்ளே இருந்து வெளியே வந்தவை:

எலிக்கூடு, பின் சீட்டுப் பஞ்சில்.
வேப்பங்கொட்டை ஒரு முறம்.
அம்மாவின் ஒற்றைச் செருப்பு. (முதலாளி சம்சாரம். போய்ச் சேர்ந்துவிட்டது.)
பாம்புச் சட்டை. பாம்பு இல்லை.

டேங்க் முழுக்கத் துரு. கழற்றி, பொடி ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். வந்த தண்ணீர் ரத்த நிறம்.

பானெட்டைத் தூக்கிப் பார்த்து பாஷா சிரித்தான். "இன்னா நைனா, யானைக்கு எலி மூக்கு வச்சிகீறீங்க?"

இஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து ஊட்டுகிற கார்புரேட்டரைச் சொன்னான். இத்தனை பெரிய இஞ்சினுக்கு மேலே அம்பாசடரின் கார்புரேட்டர். (இவ்வளவு நீளப் பேர் எழுதக் கை வலிக்கிறது. எழுத்து எனக்கு அறுபதுக்கு மேல் மாலை வகுப்பில் வந்தது. இனி கா. என்றே எழுதுகிறேன்.) பெட்ரோல் விலை ஏறிய வருஷம் முதலாளிதான் சொன்னார், சின்ன கா. போட்டுவிடு என்று. ஊரில் பெரிய வண்டி வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சிலர் டீசல் இஞ்சினே மாற்றினார்கள். வண்டியின் சொந்தக் கா. சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். அம்மா அதை உடைந்த அண்டாவோடு சேர்த்துப் பாத்திரக்காரனுக்கு எடைக்குப் போட்டு எவர்சில்வர் குடம் வாங்கிவிட்டது. முதலாளி அந்தக் குடத்துத் தண்ணீரைக் கடைசி வரை குடிக்கவில்லை.

அதற்கப்புறம் வண்டி ஓடியது, இழுக்கவில்லை. முதலாளி மெல்ல மெல்ல ஏறுவதை நிறுத்திவிட்டார்.

ஐப்பசி 11, புதன்

காலை வெயில், மதியம் இடி.

இஞ்சின் எடுத்துக்கொண்டது. புது பேட்டரி, புது பிளக், கா. அதே சின்னதுதான். படூர் போய்ச் சேர இது போதும் என்றான் பாஷா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதலாளியை வெள்ளோட்டம் கூட்டிப் போனேன். அஞ்சலை வேட்டி மாற்றி விபூதி வைத்து அனுப்பியது. (அஞ்சலை அவரைப் பார்த்துக்கொள்கிற பொம்பளை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திட்டு வாங்குவது எல்லாம் அதுதான்.) வண்டியைக் கண்டதும் முதலாளி முகம் மாறியது. கையால் கதவைத் தடவினார். தானே ஏறி உட்கார்ந்தார். "எங்க மொதலாளி?" என்றேன் பழைய மாதிரி. "மாபலிபுரம்" என்றார், அவரும் பழைய மாதிரி.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கியர் போட்டேன்.

வல்லம் மேடு வந்தது. அந்தக் காலத்தில் அங்கே கியர் மாற்றவே மாட்டேன். டாப்பிலேயே மிதித்தால் வண்டி மூக்கைத் தூக்கும், முதுகு சீட்டோடு ஒட்டும், முதலாளி முன் சீட்டின் மேல்கட்டையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல. இன்றைக்கு மிதித்தேன், இருமியது. இரண்டாவது கியருக்கு வந்தேன். முதல் கியருக்கும் வந்தேன். செங்கல் ஏற்றின மாட்டுவண்டி ஒன்று எங்களுக்கு முன்னே மேட்டின் உச்சிக்குப் போயிற்று.

பின்னால் சத்தம். "இது என் வண்டி இல்ல. இறக்கி வுடு." ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிட்டார். ஒரு கால் வெளியே. எப்படி நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

திரும்பி வர ஏறவே மாட்டேன் என்றார். மழையில் நடத்திக் கூட்டி வந்தேன். பிறகு போய் வண்டியை எடுத்து வந்தேன்.

ஐப்பசி 12, வியாழன்

பாப்பாவுக்குக் கடை போனில் சொன்னேன். டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வைத்துத் தூக்கிப் போகலாம் என்கிறாராம். அவர் கண் முழிக்கும்போது எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எப்படிப் பயப்படுவாரோ என்று அழுதது. "நான் இன்னா பண்ணட்டும்ணா. அஞ்சலையும் பொண்ணு பிரசவத்துக்கு அச்சரப்பாக்கம் போறேன்னு நிக்குது. தெனம் படூர்லருந்து நான் வந்து போவ முடியுமா?"

முடியாதுதான்.

பெரிய கா. போட்டால் பழைய இழுப்பு வருமா என்று பாஷாவிடம் கேட்டேன். அதுக்கு மேலயே வரும் என்றான்.

மேல் வீட்டுக்காரன் கோழி திரும்பக் காணோம்.

ஐப்பசி 14, சனி

புயல் சின்னம் என்று ரேடியோ. காற்று மட்டும்.

பாஷா மெட்ராஸ் புதுப்பேட்டை போய் வந்தான். உடைத்துப் போட்ட ஏதோ அமெரிக்கா வேனிலிருந்து ஒரு கா. இரண்டு வாய் உள்ளது. சொந்தக் கா.வுக்கு ஒரு வாய்தான். சாமிப் படத்துக்கு முன்னே வைப்பது போல் சணல் சாக்கின் மேல் வைத்து அவிழ்த்தான். மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஒவ்வொரு துளையாய் ஊதினோம். பம்ப் வாஷர் உளுத்துப் போயிருந்தது. செருப்புத் தைக்கிறவரிடம் தோல் வாங்கி வெட்டிப் போட்டான்.

இஞ்சின் மேல் உட்காரவில்லை. துளைக்குத் துளை சேரவில்லை. லேத்தில் கொடுத்து நடுவே ஒரு தகடு கடைந்து வாங்க வேண்டும். திங்கட்கிழமை ஆகும்.

சாயங்காலம் முதலாளி என்னிடம், "ஏகா, நாளைக்கு ஞாயித்துக்கெழம. வண்டியக் கழுவி வையி" என்றார். சரி என்றேன். காலையில் மறந்துவிடுவார்.

ஐப்பசி 15, ஞாயிறு

மறக்கவில்லை. வாசலில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மதியம் வரை. வண்டி ரிப்பேர் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

இதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை. வயசுக் காலத்தில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். கோயில் பார்க்க அல்ல. காரை விட்டு இறங்கவும் மாட்டார். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காலை மட்டும் மணலில் வைப்பார். காற்று வாங்குவார். மீன் வாங்குவார். திரும்புவோம். எல்லாவற்றையும் விட அந்தப் போக்குவரத்துதான் அவருக்கு வேண்டும். வண்டி இழுக்கிற இழுப்பு.

ஐப்பசி 16, திங்கள்

தகடு வந்தது. கா. உட்கார்ந்தது. ஸ்டார்ட் செய்தால் கறுப்புப் புகை, தெரு முழுக்க. பெட்ரோல் நாற்றம். எதிர் வீட்டுக் குழந்தை இருமி இருமி அழுதது. இரண்டு வாய்க்கும் பெட்ரோல் அதிகம் வருகிறது. ஜெட்டைக் கழற்றி, துளையை ஈயத்தால் அடைத்து, தையல் ஊசி கனத்துக்கு மறுபடி துளைத்தான் பாஷா. ஒரு தடவை சிறிசாகப் போயிற்று, வெடித்தது. பானெட்டுக்குள் நெருப்பு எட்டிப் பார்த்தது. ஈரச் சாக்கு.

அவன் புருவம் பொசுங்கிவிட்டது. "ரம்ஜானுக்குள்ள மொளச்சிடும்" என்றான்.

ஐப்பசி 18, புதன்

மழை விட்ட காலை. ரோடு காய்ந்திருந்தது.

நானும் பாஷாவும் மட்டும். வல்லம் மேடு. டாப்பிலேயே மிதித்தேன்.

மூக்கைத் தூக்கியது. முதுகு சீட்டில் ஒட்டியது. அந்தக் காலத்தில் கூட இப்படி இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது வாய் திறக்கும்போது வண்டியின் அடிவயிற்றில் ஒரு உறுமல். உச்சியில் எங்கள் முன்னே யாரும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காற்றாலா என்று தெரியாது.

பாஷா என் வாயையே பார்த்தான். புதுசில் இந்த வண்டியை ஓட்டினவன் நான் ஒருத்தன்தான் மிச்சம். நான் சரி என்றால்தான் அவனுக்குச் சரி.

"பத்தல" என்றேன்.

ஏன் சொன்னேன்? சரி என்றால் வெள்ளிக்கிழமையே பாப்பா வரும். முதலாளி சிரித்துக்கொண்டே ஏறுவார். ஏற்றிக்கொண்டு போய் ஆறாவது மாடியில் விட்டுவிட்டு வர வேண்டும். அவரை ஏமாற்ற வேறு யாராலும் முடியாது, என்னால்தான் முடியும்.

ஐப்பசி 19, வியாழன்

மழை.

வண்டியைக் கடைக்கே கொண்டுபோய் பாஷா டைமிங்கைக் கொஞ்சம் முன்னே வைத்தான். ஏர் கிளீனரைக் கழற்றிப் பார்த்தான். பிளக் இடைவெளி மாற்றினான். பாவம், கடையில் வேறு வேலையெல்லாம் அப்படியே கிடக்கிறது. மறுபடி வல்லம். மேட்டில் ஒரு பஸ்ஸை முந்தினோம்.

"இன்னும் கொஞ்சம் வரணும்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. பீடியைப் பற்ற வைத்தான். "நைனா, வண்டி நல்லாத்தான் இழுக்குது. நீதான் நாள இழுத்துகினு கீற."

பானெட்டை இறக்கி மூடினேன். அவனும் விட்டுவிட்டான். பாப்பாவிடம் சொல்லமாட்டான், நல்லவன்.

ஐப்பசி 20, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

விடிந்ததும் அஞ்சலை ஓடி வந்தது. ஆளைக் காணோம் என்று. கொட்டுகிற மழை. ரயில்வே கேட் வரை தேடினேன். பஸ் ஸ்டாண்டு தேடினேன். கடைசியில் பாஷா கடை முன்னே. எப்படி வழி தெரிந்ததோ. ஷட்டர் மூடியிருக்கிறது, தார்ப்பாய்க்குள் வண்டி நிற்கிறது, தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நனைந்து நிற்கிறார். இடுப்பில் வேட்டி இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள். இந்த ஊரில் அவர் நடந்து வந்தால் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றவர்கள் எத்தனை பேர்.

என் துண்டைக் கட்டிவிட்டேன். "ஏன்டா லேட்டு" என்றார்.

ஜுரம். பல் கிட்டிப்போகிற நடுக்கம். கம்பவுண்டர் வந்து மாத்திரை கொடுத்தார். இன்னொரு நனைச்சல் தாங்காது, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார்.

அஞ்சலை தலை துவட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னது: "அண்ணாத்த, நான் போன பெறவு இவரு இப்டி எறங்கிப் போனா யாரு பின்னால ஓடறது? நீயா? உன் கால வச்சிகினா?"

என் காலைப் பார்த்தேன்.

பாஷாவிடம் போய் வண்டி சரியாக இருக்கிறது என்றேன். எப்போதிலிருந்து என்று அவன் கேட்கவில்லை.

ஐப்பசி 22, ஞாயிறு

வெளிச்சம். மேகம் உயரத்தில். ஜுரம் விட்டிருந்தது. எமகண்டத்துக்கு முன்னே கிளம்பச் சொல்லி அஞ்சலை நச்சரித்தது. என் வெள்ளைச் சட்டைக்கு அதுவே இஸ்திரி போட்டது. துணிமணியெல்லாம் டிக்கியில், முதலாளி கண்ணில் படாமல் பாப்பா முன்னமே வைத்துவிட்டது. அஞ்சலை வாசலுக்கு வரவில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவின பாத்திரத்தையே கழுவியிருக்கும்.

"எங்க மொதலாளி?"

"மாபலிபுரம்."

பாப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. யார் இந்த அம்மா என்றார். நம்ம பாப்பா என்றேன். "பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்குடா" என்றார். கண்ணாடியில் பார்த்தேன், பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

வல்லம் மேடு. டாப். மிதித்தேன். என் முதுகுக்குப் பின்னால் சீட்டுக் கட்டையில் இரண்டு தட்டு.

திருக்கழுக்குன்றம் வரை மில் சமாசாரம் பேசினார். யார் யாருக்கு நெல் போக வேண்டும், எந்த ஆள் மூட்டை திருடுகிறான். ஒரு பேர் தப்பில்லை. அத்தனை பேரும் செத்தவர்கள்.

மாமல்லபுரத்தில் பழைய இடத்துக்குப் போக முடியவில்லை. டூரிஸ்ட் பஸ், கரும்புச்சாறு, சிப்பிக் கடை. கொஞ்சம் தள்ளி, படகு ஏற்றி வைத்திருக்கிற குப்பத்துப் பக்கம் நிறுத்தினேன். கதவைத் திறந்தேன். காலை மணலில் வைத்தார். கூடைக்காரம்மா வந்தது. வஞ்சிரம் என்ன விலை என்றார். அது சொன்ன விலையைக் கேட்டு, "இன்னாம்மா, படகையும் சேத்துக் குடுப்பியா?" என்றார். அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தது. பாப்பாவும் சிரித்தது. பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஒரு குடும்பம் ஊர் சுற்ற வந்தது போலத்தான் இருந்திருக்கும்.

மீன் வாங்கினோம். கிளம்பினோம். ஊருக்குத் திரும்புகிற வழியில் திரும்பாமல் வடக்கே, கோவளம் ரோட்டில் ஒடித்தேன். கொஞ்ச தூரம் போனதும் வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஏகா, வூட்டுக்கு இப்டி இல்லியே."

"அங்க ரோடு போட்டுகினு கீறாங்க மொதலாளி. சுத்திப் போறோம்."

"சரி. நீ பாத்துக்க."

அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

கேளம்பாக்கம் தாண்டிப் படூர். கட்டிடத்துக்கு அடியில் கார் நிறுத்தும் இடம், தூண் தூணாக, இருட்டு. மற்ற காரெல்லாம் சிறிசு. இவருடையது இரண்டு இடம் அடைத்தது. வாட்ச்மேன் முணுமுணுத்தான்.

முதலாளி இறங்கவில்லை. எவன் வூட்டு ஷெட்டு இது என்றார். பாப்பா கெஞ்சியது. காப்பி கொண்டு வந்தது. கையைப் பிடித்தது. அவர் சீட்டுக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஏறுவதற்குத்தான் இந்த வண்டி வேண்டும் என்று நினைத்தோம். ஏறினவர் எப்படி இறங்குவார் என்று நாங்கள் மூன்று பேருமே யோசிக்கவில்லை, நானும் பாப்பாவும் பாஷாவும். மத்தியானம் போய் சாயங்காலம் ஆகிவிட்டது. டிக்கியில் மீன் நாற ஆரம்பித்தது. பாப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்தது. என்னைப் பார்த்தது. கேட்கவில்லை. பார்த்தது, அவ்வளவுதான்.

இறங்கினேன். சுற்றி வந்தேன். பின் கதவை முழுசாகத் திறந்தேன். தலை இடிக்காமல் மேலே கையை வைத்தேன், எப்போதும் வைப்பது போல.

"வூடு வந்தாச்சு மொதலாளி."

உடனே இறங்கினார்.

லிஃப்ட்டுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இருந்தது. அதில் எங்களைப் பார்த்துவிட்டு என் காதில், "யார்ரா இந்தக் கெழவனுங்க, உள்ள வுட்டுட்டாங்க" என்றார்.

தெரியலியே மொதலாளி என்றேன்.

ஐப்பசி 23, திங்கள்

மழை. படுக்கையிலேயே.

நேற்று தனியாகத் திரும்பி வந்ததை எழுதவில்லை. காலி வண்டி, அதனால் இன்னும் பிய்த்துக்கொண்டு போயிற்று. லேசாக மிதித்தாலே பாய்கிறது. அவ்வளவு வேகம் போக எனக்கு எங்கும் வேலை இல்லை. வழி முழுக்க லாரிக்குப் பின்னாலேயே வந்தேன்.

பாஷா தன் கடை ஓரத்தில் நிறுத்திக்கொள்ளச் சொன்னான். எப்படி இழுத்தது என்று கேட்டான். நல்லா இழுத்தது, கை ராசி என்றேன். புருவத்தைத் தடவிக்கொண்டான்.

ஐப்பசி 26, வியாழன்

காலையில் மழை, பிறகு வெயில், பிறகு மழை. அஞ்சலை ஊருக்குப் போய்விட்டது. பெண் குழந்தையாம்.

கடை போனுக்குப் பாப்பா கூப்பிட்டது. முதலாளி சாப்பிடுகிறாராம், தூங்குகிறாராம். ஆனால் விடிந்தால் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாராம். ஏகா வருவான், கிளம்பணும் என்று.

அதற்கென்ன பாப்பா, நான் வர்றேன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வர்றேன், இப்போதுதான் நன்றாக ஓடுகிறதே என்றேன். வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். லைன் போய்விட்டதோ என்று அலோ அலோ என்றேன்.

"வர வேணாம்ணா. உங்களப் பாத்தா அவரு கெளம்பிடுவாரு. திரும்ப எறக்க முடியாது."

எத்தனை நாளைக்கு பாப்பா என்றேன்.

"உங்கள மறக்கற வரைக்கும்."

சரி என்றேன்.